கூடத்துச் சுவர்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பர். சுவரை எடுப்பதற்கும் முன்னதாக ஒரு சித்திரம் எழுதவேண்டும் என்பதை யாம் எமது அறுபத்தெட்டாம் வயதிலேதான் அறிந்தோம். அச்சித்திரம் இப்பொழுது எம் மேசைமீது கிடக்கின்றது. மொத்தம் நான்கு தாள்கள். இரண்டில் கணக்கு, ஒன்றில் படம், மற்றொன்று கையொப்பத்தை எதிர்நோக்கியிருக்கும் ஓர் உடன்படிக்கை. நாலரை அங்குலத் தடிப்புள்ள ஒரு சுவரை அகற்றுதற்கு இத்துணை ஆரவாரம் எதற்கென்று வினவிய நண்பர் சிலர்க்கு விடையாகவும், பழைய வீடுகளில் வாழும் மாணவர்க்கு ஒருவாறு பயன்படுமென்ற எண்ணத்தாலும் இதனை எழுதப் புகுந்தோம்.

பாளையங்கோட்டையில் எம் பாட்டனார் 1934-ஆம் ஆண்டில் கட்டிய வீடு எம்முடையது. தெற்கு நோக்கிய வாயில். திண்ணையைக் கடந்து உட்புகுந்தால், கிழமேற்கில் 24 அடியும் தென்வடலில் 14 அடியுமாக ஒரு கூடம். உண்மையில் அக்கூடந்தான் வீடு. ஏனைய அறைகள் அதனோரத்தில் ஒட்டிக்கொண்டவை. வீட்டுத் திருமணங்கள் அங்கே நடந்தன. இறந்தவர்களை அங்கேயே கிடத்தினர். மழை நாட்களில் கொடிகட்டித் துணி உலர்த்தியதும், யாம் முதன்முதல் பலகையில் எழுதப் பழகியதும் அங்கேதான். கூடத்தின் சரிநடுவில், தென்சுவரிலிருந்து வடசுவர் வரை ஒரு பெருந்தேக்கு உத்தரம் கிடக்கின்றது. அதன் அடிப்பாகம் தரையிலிருந்து 11 அடி உயரத்தில் உள்ளது. சிறுவயதில் அதில் ஊஞ்சல் கட்டியிருந்தோம்.

1968-ஆம் ஆண்டில் எம் தந்தையாரும் பெரியப்பாவும் பாகம் பிரிந்தனர். பின்கட்டிலிருந்த ஒரு மாமரமே காரணமென ஊரார் கூறுவர். மாமரம் வெளிக்காரணம், அதற்கு முன்னரே ஈராண்டுகளாக இருவரும் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசியதில்லை. பத்திரம் பதிவாயிற்று. கூடம் சரிபாதியாகப் பகுக்கப்பட்டது. உத்தரத்தின் நேர்கீழே கயிறு பிடித்துத் தரையிற் கோடு கிழித்து, அக்கோட்டின்மீது சுவர் எழும்பத் தொடங்கிற்று. எமக்கு அப்பொழுது வயது 11. இரண்டு நாள் வேலை. கோட்டின் கிழக்கே எம் தந்தையார் நாற்காலியிட்டமர்ந்திருந்தார். மேற்கே பெரியப்பா நின்றிருந்தார். கொத்தனார் தூக்குக்குண்டை விடுந்தோறும் இருவரும் ஒருங்கே தலையை நீட்டிப் பார்த்தனர். வேறெவ்வகையிலும் ஒன்றுபடாத அவ்விருவரும், சுவர் செங்குத்தாக எழும்பவேண்டும் என்பதில் மட்டும் ஒன்றுபட்டிருந்தனர்.

இரண்டாம் நாள் மாலை, சுவருக்கும் உத்தரத்துக்கும் இடையே ஒரு கையளவு சந்து எஞ்சிநின்றது. பெரியம்மா சாரத்தின்மீதேறி அச்சந்தின் வழியாக ஒரு கிண்ணம் நிறையப் பனியாரம் நீட்டினார்கள். பெரியப்பா அதனைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார். யாம் பெற்றுக்கொண்டோம். கொத்தனார் சிரித்துக்கொண்டே ஓட்டுச்சில்லுகளையும் காரையையும் அச்சந்தில் திணித்து அடைத்துவிட்டார். இந்த ஓட்டுச்சில்லுகளை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. அவை பின்னரும் வரும்.

அண்ணன் தம்பியர் இருவரும் 1983-ஆம் ஆண்டில், எம் தமக்கையார் திருமணத்தின்போது, மீண்டும் பேசத் தொடங்கினர். ஆயினும் சுவர் நின்றது. இருபுறமும் வெள்ளையடித்தாயிற்று; ஆணியடித்துப் படம் மாட்டியாயிற்று; எம் பக்கத்தில் எம் மக்கள் வளர்ந்த உயரங்கள் பென்சிற்கோடுகளாக ஏறிக்கொண்டிருந்தன. சண்டை தீர்ந்தபின் சுவரைப்பற்றி எவர் நினைப்பார்? எம் தந்தையார் 1991-இலும் பெரியப்பா 1999-இலும் காலமாயினர். பெரியம்மா மட்டும் மேலைப் பாதியில் தனித்து வாழ்ந்து வருகின்றார்கள். இப்போது அவர்களுக்கு வயது 88. ஒரே மகன், எமக்கு நான்காண்டு இளையவர், பெங்களூரில் தம் மக்களோடு இருக்கின்றார்.

நிற்க. 2025 ஜூன் மாதத்தில் ஓரிரவு, ஏறக்குறைய மூன்று மணியளவில், சுவருக்கப்பால் ஏதோ விழுந்த ஓசை கேட்டது. எமது கட்டில் அச்சுவரை ஒட்டியே கிடப்பது. சிறிதுநேரங் கழித்து, எம் காதருகே, “ஐயா, விழுந்துட்டேன்” என்று பெரியம்மாவின் குரல் எழுந்தது. தெருவில் ஓடிச்சென்று அவர்கள் வாயிலை அடைய இருபதடி தூரமில்லை. ஆனால் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. பாட்டனார் காலத்துப் பலாமரக் கதவு. எம் தோள் அதன்முன் எம்மாத்திரம்! எம் மனைவியார் அண்டைத்தெருத் தச்சரை எழுப்பி அழைத்துவரச் சென்றார். யாம் மீண்டும் எம் பக்கத்துக் கூடத்திற்கு வந்து, சுவரில் வாயை வைத்தாற்போல் தரையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். வலிக்கின்றதா என்று கேட்டால் விடையில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டோம், எப்படிக் கொடுக்கப்போகிறோம் என்று எண்ணாமலே. அவர்கள் படுத்திருந்த இடத்துக்கும் யாம் இருந்த இடத்துக்கும் இடையே நாலரை அங்குலந்தான். தச்சர் வந்து கதவின் கீலைக் கழற்ற நாற்பது நிமிடம் சென்றது.

மணிக்கட்டெலும்பு முறிந்திருந்தது, அவ்வளவில் தப்பியது. இனி இரவில் தனியாக இருத்தல் ஆகாதென்று மருத்துவர் கூறினார். எம் பக்கத்துக்கு வந்துவிடுமாறு அழைத்தோம். “இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். என் பக்கத்தை விட்டு எங்கே போக?” என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் வாரார்களாயின் சுவரே போகட்டும் என்று அன்று முடிவு செய்தோம்.

முதலில் வந்தவர் எமக்குப் பலகாலம் பழகிய கொத்தனார். கைகாரர், நேர்மையானவர். கொலுற்றின் காம்பினால் சுவரை நான்கிடத்தில் தட்டிப் பார்த்தார். “இது அரைக்கல் சுவர்தான், சார்வாள். பாகத்துக்குப் பிறகு கட்டினது. மேலே தட்டட்டி முதலிலேயே இருந்தது. இது பாரம் தாங்குகிற சுவரே இல்லை. அரை நாள் வேலை” என்றார். அவர் கூறியவை ஒவ்வொன்றும் மெய். சுவர் அரைக்கல் தடிப்பே. மேல்தளம் கட்டி முப்பத்துநான்கு ஆண்டு கழிந்த பின்னரே அஃது எழுந்தது. கட்டியவர் எவரும் அதன்மீது பாரம் ஏற்ற எண்ணவில்லை. இத்துணை மெய்களிலிருந்தும் அவர் கண்ட முடிவு மட்டும் பொய்யாயிற்று. தருக்கநூல் பயிலும் மாணவர் இதனைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

மறுநாளே இடித்திருப்போம். அவ்வாரம் தற்செயலாக எம்மைக் காணவந்த நண்பர் ஒருவர் தடுத்தார். நம் கல்லூரியில் எமக்கு நான்காண்டு மூத்தவர். பின்னர்க் கட்டட எஞ்சினீயராகிப் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்றவர். காபியை அருந்திக்கொண்டே உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் அன்று எமக்குக் கற்பித்த பாடத்தை இங்கே சிறிது விரித்துரைத்தல் வேண்டும். நம் நாட்டில் கான்கிரீட் தளம் பரவுவதற்கு முன் மட்டமான கூரை அமைத்த முறை ‘மதராஸ் டெரஸ்’ எனப்படும். எம் வீட்டுத் தட்டட்டியும் அவ்வகையே. உத்தரத்தின்மீது குறுக்காக, ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகளை அடுக்குவர். அவற்றின்மேல் சிறிய மெல்லிய செங்கற்களை, படுக்கவையாமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பர். அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்றங்குலம் பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து, கடுக்காய்நீரும் கருப்பட்டிநீரும் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். முடிவில் தட்டோடு. இவ்வாறமைந்த தளம் வெயிலில் எரியாது. செம்மையாகப் பேணினால் நூறாண்டு நிற்கும். ஆனால் அதன் கனம் மிகுதி. அக்கனம் முழுவதையும் கட்டைகள் உத்தரத்துக்கும், உத்தரம் தன் இருமுனைகளின் வழியே தென்வடல் சுவர்கட்கும் தருகின்றன. ஆகவே எம் கூடத்தைப் பொறுத்தவரை எல்லாம் அவ்வுத்தரத்தின் இரண்டு முனைகளையே நம்பியிருந்தன.

“சுவர் எதற்காகக் கட்டப்பட்டது என்று கேளாதீர். இன்று அஃது என்ன செய்கின்றது என்று பாரும்” என்றார் நண்பர். அதனை அறிய அவர் செய்த சோதனைகள் எளியவை. முதலில், கொத்தர்கள் டியூப் லெவல் என்னும் நீர்க்குழாயைப் பிடித்து உத்தரத்தின் அடிமட்டத்தைப் பார்த்தார். தென்முனையைவிட வடமுனை முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. அடுத்து, சுவரின் உச்சிப் பூச்சைச் சுரண்டச் செய்து, உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அஞ்சலட்டையை நுழைக்க முயன்றார். தென்புறம் ஓரடி தூரம் அட்டை தாராளமாகச் சென்றது, பிறகு நின்றது, வடபுறத்தில் நுனியே நுழையவில்லை. அங்கேதான் 1968-இல் திணித்த அந்த ஓட்டுச்சில்லுகள் மீண்டும் எம் கண்ணிற் பட்டன. தென்புறத்துச் சில்லுகள் வைத்தபடியே இருந்தன. வடபுறத்தன, உளுந்துமாவு போல் நொறுங்கியிருந்தன.

மூன்றாவது சோதனை வடசுவரில், உத்தரத்தின் முனை புகுந்திருக்கும் இடத்தில். சுற்றிலும் காரையைப் பெயர்த்து ஒரு திருப்புளியைத் தேக்கினுள் அழுத்தினார். எவ்வித ஓசையுமின்றி நான்கங்குலம் உள்ளே போயிற்று. திருநெல்வேலிச் சீமையில் இதற்கு உவமை தேட வேண்டியதில்லை. அல்வாவில் விரல் இறங்குவது போலவே இறங்கிற்று. தட்டட்டி நீர் வடியும் தூம்பு அம்மூலையில்தான் இருக்கின்றது. எத்தனையோ ஐப்பசி கார்த்திகைகளில் அஃது அடைபட்டு, நீர் சுவரினுட் கசிந்து, உத்தரத்தின் தலையை நனைத்திருக்கின்றது. மரத்தின் முனையைச் சுவரினுள் வைக்கும்போது அதனைச் சுற்றிச் சிறிது காற்று இடம் விடவேண்டும் என்பது பழைய தச்சர் விதி. எம் பாட்டனார் காலத்தில் யாரோ உறுதி வேண்டிச் சுண்ணாம்பைக் கெட்டியாக அடைத்துவிட்டிருக்கின்றனர். ஈரம் உள்ளே வந்தது, வெளியேற வழியில்லை.

தேக்கின் தலை சிறிது சிறிதாக உளுத்துக்கொண்டே வர, உத்தரம் அணு அணுவாகக் கீழிறங்கி, கீழேயிருந்த சுவரின்மேல் அமர்ந்துவிட்டது. பாரந் தாங்குவதற்கென்று கட்டப்படாத சுவர், ஒருவரும் அறியாமல், பாரந் தாங்கும் சுவராயிற்று. எப்பொழுது ஆயிற்று என்று நாள் குறிக்க முடியாது. எம் தந்தையார் உயிரோடிருந்தபோதே தொடங்கியிருத்தலும் கூடும். சண்டையில் கட்டிய அச்சுவர் இல்லாதிருந்தால், அக்கூரை என்றோ எம் தலைமேலோ பெரியம்மா தலைமேலோ விழுந்திருக்கும். இதனை நண்பர் எவ்வித உணர்ச்சியுமின்றி, தூசியைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே சொன்னார். உடனிருந்த கொத்தனார், “அன்றைக்கே இடித்திருந்தால், சார்வாள்…” என்று தொடங்கி முடிக்காமல் வெளியே சென்று பீடி பற்றவைத்துக்கொண்டார்.

கணக்குத் தாள்கள் இரண்டென்று கூறினோம். முதல் தாளில் உள்ளது உத்தரம் சுமக்கவேண்டிய பாரம். உத்தரத்தின் இருபுறமும் 12 அடிக் கட்டைகள். ஒவ்வொன்றன் பாரத்திலும் பாதி வெளிச்சுவர்க்கும் பாதி உத்தரத்துக்கும் செல்லும். ஆகவே உத்தரத்தின் பங்கு 12 அடிக்கு 14 அடி, அதாவது 168 சதுர அடித் தளம். சதுர அடிக்கு ஏறத்தாழ 37 கிலோ எனக் கொண்டால் தளத்தின் எடை மட்டும் 6,200 கிலோ. மேலே மனிதர் நடமாடுதற்கென இந்தியத் தரவிதிப்படி சதுர மீட்டருக்கு 150 கிலோ சேர்க்கவேண்டும். அஃது 2,300 கிலோ. ஆக எட்டரை டன். வளர்ந்த களிற்றியானை இரண்டு உத்தரத்தின்மேல் நிற்பதாக எண்ணிக்கொள்க. இப்பாரத்தில் ஒரு பெரும்பகுதியை நாலரை அங்குலச் சுவர் ஒன்று, தன் தடிப்பைப்போல் இருபத்தொன்பது மடங்கு உயரத்தில் ஒல்லியாக நின்று, இத்தனை காலம் தாங்கியிருக்கின்றது. அச்சுவரை ஒட்டிக் கட்டிலிட்டு யாம் உறங்கிவந்தோம்.

இரண்டாந் தாள், அப்பாரத்தை இனி எதன்மேல் ஏற்றுவது என்பதைப் பற்றியது. தேக்கு உத்தரத்தை வெளியே எடுக்க வேண்டுவதில்லை. அதற்கு நேர்கீழே 250 மில்லிமீட்டர் ஆழமுள்ள எஃகு உத்தரம் ஒன்றைக் கொடுப்பது என முடிவாயிற்று. மீட்டருக்கு 37 கிலோ. கூடத்தின் அகலம் 14 அடி. இருபுறச் சுவர்களிலும் ஒன்பது ஒன்பது அங்குலம் உட்புகுந்து அமரவேண்டும். ஆகவே நீளம் 15½ அடி, எடை ஏறக்குறைய 175 கிலோ. எமக்கு இங்கே ஓர் ஐயம் எழுந்தது. பதினான்கடிக் கூடத்தினுள் பதினைந்தரை அடி இரும்பு எவ்வாறு நுழையும்? நண்பர் புன்னகைத்து, “படம் போடாமல் வேலை தொடங்குபவர் இரும்பைக் கூடத்திற்குள் கொணர்ந்த பிறகே இதனைக் கேட்பர்” என்றார். வடசுவர் ஒன்றரை அடித் தடிப்புள்ளது. அதில் உத்தரத்தின் கீழே பின்கட்டு வரை முழுவதும் துளையிட்டு, வெளியே சாரம் கட்டி, அத்துளைவழியே இரும்பை உள்ளே தள்ளித் தென்சுவர்ப் பள்ளத்தில் அமர்த்திவிட்டுப் பின்னர்த் துளையை அடைப்பதாம். பின்கட்டிலும் அதே நேர்கோட்டில் ஐந்தடி உயர மதில் ஒன்று 1968-இலேயே எழுந்ததன்றோ? சாரம் மதிலின் இருமருங்கும் கால்வைத்து நிற்கவேண்டியதாகும்.

இரும்பின் முனைகள் பழஞ்சுவரின்மேல் நேராக அமர்தல் கூடாது. ஒவ்வொரு முனையிலும் நாலேகால் டன் இறங்கும். சுண்ணாம்புச் சுவர் அதனைச் சிற்றிடத்தில் தாங்காது, நொறுங்கும். ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமுமுள்ள கான்கிரீட் படுகை ஒன்று இருபுறமும் இட்டு, பதினான்கு நாள் நனைத்து, அதன்மேலேயே இரும்பை வைக்கவேண்டும்.

இவையெல்லாம் நடக்கும்வரை தளத்தைத் தாங்குவன முட்டுகள். சுவரினின்று இரண்டடி தள்ளி, எம் பக்கத்தில் ஆறும் பெரியம்மா பக்கத்தில் ஆறுமாக இரும்பு முட்டுகள் நிறுத்தி, மேலே கட்டைகளின் குறுக்கே ஒரு கனத்த பலகையும், கீழே தரை குழியாதவாறு மற்றொரு பலகையும் கொடுக்கவேண்டும். இது நடந்துவிட்டது. உத்தரத்தின் நிலையைக் கண்டபின் ஓரிரவும் தாமதிக்க நண்பர் உடன்படவில்லை. எஞ்சிய வேலையோ தைக்குப் பின்னர்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரைத் துளைத்துவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருத்தல் மதியன்று. தூம்பை மட்டும் உடனே செப்பனிட்டோம்.

வேலையின் ஒழுங்கு இது. முதலில் சுவரின் உச்சியில் நான்கு வரிக் கல்லை எடுத்து இரும்புக்கு இடஞ்செய்தல். பின்னர்ப் படுகை, இரும்பு. இரும்புக்கும் தேக்குக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஈரங்குறைந்த காரையால் இறுகக் குத்தி அடைத்தல். அது முற்றிய பிறகு முட்டுகளின் திருகை நாளொன்றுக்குக் கால் சுற்றாகத் தளர்த்தல். ஒவ்வொரு நாளும் ஒரு நூலைப் பிடித்து இரும்பு எவ்வளவு வளைந்ததென்று சுவரிற் குறிக்கவேண்டும். அரை அங்குலத்துக்கு மேற்சென்றால் வேலையை நிறுத்தவேண்டும். எல்லாம் நின்று அமைதியுற்ற பின்னரே சுவரை மேலிருந்து வரி வரியாக இறக்குதல். அடியில் சம்மட்டியால் ஓங்கியடித்துச் சாய்த்தல் திரைப்படங்கட்கு உரியது. கொத்தனார் இப்பொழுது அரை நாள் என்னும் சொல்லையே வாயிலெடுப்பதில்லை. நண்பரின் படத்தை எம்மைவிட நன்கு கற்றுவிட்டார். செங்கல்லைச் சிதையாமல் எடுத்துப் பின்மதிலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் யோசனை கூறினார். பின்மதிலை உயர்த்த எமக்கு எண்ணமில்லை என்றோம்.

பெரியம்மாவின் சம்மதம் எளிதிற் கிட்டியதென்று எவரும் எண்ணவேண்டாம். சுவரைப்பற்றி அவர்கட்கு ஒரு குறையும் இல்லை. இரவில் எம் வீட்டுத் தொலைக்காட்சியின் ஓசை குறைந்து கேட்பது அதனால்தான் என்றார்கள். பெரியப்பாவின் படம் அதிலே மாட்டியிருக்கின்றது. அதனை எங்கே மாட்டுவது என்றார்கள். விழுந்த இரவைச் சுட்டிக்காட்டினோம். “நீதான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாயே” என்றார்கள். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை. யாம் அன்று அடைந்த தவிப்பையெல்லாம் அவர்கள் துணையாக எண்ணியிருந்தார்கள் என்பதை அப்பொழுதுதான் அறிந்தோம்.

இரண்டு வாரங் கழித்துத் தாமாகவே ஒரு நிபந்தனை கூறினார்கள். முன்புறம் நான்கடிச் சுவர் நிற்கவேண்டும். தெருக்கதவைத் திறந்ததும் வருவோர் போவோர் கண்கள் தம் கட்டில்மேல் விழுதல் கூடாது. பெரியப்பா படத்துக்கும் இடம் வேண்டும். படத்தைத் திருத்தினோம். பத்தடி திறப்பு, தென்புறத்தில் நான்கடிச் சுவர். தனித்து நிற்கும் அத்துண்டுச் சுவரின் முனை தள்ளாடாதிருக்க ஒன்பதங்குலத் தூண் ஒன்று சேர்த்துக் கட்டுமாறு நண்பர் குறித்துக் கொடுத்தார். எம் மக்களின் பென்சிற்கோடுகள் போகும் பத்தடியில் உள்ளன. ஒரு காகிதத்தைச் சுவரிற் பொருத்தி அவற்றைப் பெயர்த்தெழுதி வைத்திருக்கின்றோம்.

எஞ்சியிருப்பது நான்காம் தாள். எக்கணக்கிலும் அகப்படாத பாரம் இதில்தான் இருந்தது. பத்திரத்தின்படி சுவர் இருவர்க்கும் பொது. ஒருவர் மற்றவர் எழுத்துமூலமான சம்மதமின்றித் தொடலாகாது. பெங்களூரிலுள்ள தம்பிக்கு எழுதினோம். பதில் வரச் சற்றுத் தாமதமாயிற்று. வந்த பதிலில் அன்பும் இருந்தது, அச்சமும் இருந்தது. “அண்ணே, அம்மாவுக்காக நீங்கள் செய்வதற்கு நான் எப்படி மறுப்பேன்? ஆனால் நாளைக்கு நீங்களும் நானும் இல்லாத காலத்தில், உங்கள் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் கோடு எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவார்கள்?” என்று எழுதியிருந்தார். முதலில் எமக்குச் சினம் மூண்டது. மறுமொழி ஒன்று சுடச்சுட எழுதி, அதனை அனுப்பாமல் இழுப்பறையில் வைத்தோம். நினைத்துப் பார்க்குங்கால் அவர் கேட்டதில் பிழையொன்றும் இல்லை. அறுபதாண்டுகளுக்கு முன் தலையை நீட்டித் தூக்குக்குண்டைப் பார்த்த இருவரின் மக்கள்தாமே யாம் இருவரும்!

வழி கூறியவர் கொத்தனார். சுவர் போகும் இடத்தில் தரையைச் செப்பனிட்டே ஆகவேண்டும். அங்கே, மொசைக் தளங்களில் இடுவதுபோல், அரை அங்குல அகலத்தில் ஒரு பித்தளைப் பட்டையைப் பழைய கோட்டின்மேல் பதித்துவிட்டால் என்ன? கோடும் இருக்கும், சுவரும் இராது. அதனையே உடன்படிக்கையில் எழுதினோம். உத்தரத்தின் செலவு இருவர்க்கும் பாதி; பட்டை நிற்கும் இடமே எல்லை; இருபுறத்தாரில் எவர் வேண்டினும் தம் செலவில் அங்கே மீண்டும் சுவரெழுப்பிக்கொள்ளலாம். இக்கடைசி வாசகத்தை எழுதுகையில் எம் கை தயங்கியது. ஆனால் அஃதில்லாமல் அவர் கையொப்பம் இடார். இட வேண்டும் என்று கேட்பதும் முறையன்று. தாள் சென்ற வாரம் தபாலிற் போயிருக்கின்றது. யாம் வைத்துக்கொண்ட படியே மேசைமீது கிடப்பது.

நேற்று மாலை பெரியம்மாவிடம் படத்தைக் காட்டி யாவற்றையும் விளக்கினோம். அவர்கள் பக்கத்து முட்டுகளில் ஒன்றில் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மற்றொன்றில் கைத்தடி சாத்தியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரும்பு, படுகை, நான்கடிச் சுவர் எல்லாவற்றையும் விரல் வைத்துப் பார்த்தார்கள். பித்தளைப் பட்டையைச் சுட்டியதும் நெடுநேரம் நோக்கினார்கள்.

“இதை மட்டும் காலில் தட்டாமல் பதிக்கச் சொல்லு, ஐயா” என்றார்கள்.